என்.எஃப்.எல். பிளேஆஃப் கணிப்பு: சீடிங்கா, புள்ளி வித்தியாசமா, எலோவா, பந்தய லைனா?

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான அந்த சூப்பர் பவுலுக்கு முந்தைய இரண்டு வாரமும் பேச்செல்லாம் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸைப் பற்றித்தான். தொடர்ந்து மூன்றாவது கோப்பையை எடுப்பார்களா, அதன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸை யாராவது நிறுத்த முடியுமா என்று. 17 ஆட்டங்களில் 15 வெற்றி பெற்ற அணி அது. எதிரே பிலடெல்ஃபியா ஈகிள்ஸ், 14 வெற்றி. பந்தய மார்க்கெட்டும் சீஃப்ஸைத்தான் ஒன்று ஒன்றரைப் புள்ளி முன்னால் வைத்திருந்தது. நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை 5 மணி ஆட்டம். இடைவேளையில் ஸ்கோர் 24-0, ஈகிள்ஸ் பக்கம். மூன்றாம் கால்பகுதியில் 34-0. முடிவில் 40-22.

இது அதிர்ச்சியா இல்லையா என்பது, எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிளேஆஃபை (வழக்கமான பருவம் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் சுற்றுகள்) கணிக்க ஒன்றுக்கொன்று போட்டியாக ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சில ஆட்டங்களை எடுத்து அவற்றை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால், எது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது நன்றாகத் தெரியும்.

வெற்றிக் கணக்கும் சீடிங்கும்

எளிய வழி இதுதான்: மேல் சீடில் (பருவ முடிவில் தரப்படும் தரவரிசை இடம்) உள்ள அணி, சொந்த மைதானத்தில் ஆடும் அணி, அதுவே ஜெயிக்கும் என்று சொல்லிவிடுவது. லீக்கின் இரண்டு பாதிகளான கான்ஃபரன்ஸ்கள் ஒவ்வொன்றிலும் 7 அணிகள், மொத்தம் 14. முதலிடத்துக்கு முதல் சுற்றில் ஓய்வு. சூப்பர் பவுல் தவிர எல்லா ஆட்டமும் மேல் சீடின் மைதானத்தில். இந்த வழியைக் குறைத்துப் பேசக் கூடாது. நல்ல அணிதான் பொதுவாக மேலே இருக்கும்.

கோளாறு எங்கே என்றால், டிவிஷனை (கான்ஃபரன்ஸுக்குள் நான்கு அணிகள் கொண்ட குழு) ஜெயித்த அணிக்கு முதல் நான்கு சீடில் ஒன்று கட்டாயம் கிடைத்துவிடும். 2010 பருவத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் 7 வெற்றி, 9 தோல்வியோடு டிவிஷனைப் பிடித்தது. 11 வெற்றி பெற்ற நடப்புச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், டிவிஷனை ஜெயிக்காமல் உள்ளே வந்த வைல்டு கார்டு அணியாக அங்கே போய் ஆட வேண்டியிருந்தது. லைன், அதாவது பந்தய மார்க்கெட் ஒரு அணிக்குக் கொடுக்கும் புள்ளி முன்னிலை, செயின்ட்ஸ் பக்கம் சுமார் 10 புள்ளி. ஆனால் நான்காம் கால்பகுதியில் நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது சீஹாக்ஸ் 34-30 என்று முன்னால் இருந்தது. பந்தை வாங்கிய அதன் வீரர் மார்ஷான் லின்ச் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒவ்வொருவராக உதறிக்கொண்டு வெளியே வந்தார். துரத்தி வந்த செயின்ட்ஸின் டிரேசி போர்ட்டரை ஒரே கையால் தரையில் தள்ளிவிட்டு ஓடினார். 67 யார்டு. அரங்கம் குதித்த குதியில் பக்கத்தில் இருந்த நிலநடுக்கக் கருவியில் அதிர்வு பதிவானது. முடிவு 41-36.

சீடிங்கை நம்பியவர்கள் சொன்னது நடந்தது. அதற்காக அந்த வழி சரியென்று ஆகிவிடாது. அதே ஆட்டத்தைப் பத்து முறை ஆடவிட்டால் பெரும்பாலும் செயின்ட்ஸ்தான் ஜெயித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், சொந்த மைதானத்தின் பலமும் முன்பு போல இல்லை. பெரும்பாலும் ரசிகர்கள் இல்லாமல் காலி இருக்கைகளுக்கு நடுவே நடந்த 2020 வழக்கமான பருவத்தில், சொந்த மைதானத்தில் ஆடிய அணிகளின் கணக்கு 127 வெற்றி, 128 தோல்வி, 1 சமன். கூட்டத்தின் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் புரிந்துகொண்டது அந்த ஆண்டில்தான்.

புள்ளி வித்தியாசம்

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் பழக்கமானது. எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்பதோடு, எவ்வளவு அடித்து ஜெயித்தாய் என்றும் கேட்கிற கணக்கு. அமெரிக்க ஃபுட்பாலில் அதன் உறவினர், பருவம் முழுக்க எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். இதை நான் வெற்றிக் கணக்கைவிட அதிகம் நம்புகிறேன். ஏன் என்பதற்கு 2024 சீஃப்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் கடைசி நொடியில் டச்டவுன் (பந்தை எதிரியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்து 6 புள்ளி எடுப்பது) பிடித்தது. நடுவரும் கையைத் தூக்கிவிட்டார். ரீப்ளேயில் பார்த்தால் பந்தைப் பிடித்த ஐசையா லைக்லியின் கால் விரல் நுனி வெள்ளைக் கோட்டை மிதித்திருந்தது. டச்டவுன் ரத்து, சீஃப்ஸ் 27-20 வெற்றி. நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் கடைசி நொடியில் 3 புள்ளிக்காக உதைத்த ஃபீல்டு கோலை சீஃப்ஸின் லியோ செனல் கையால் தடுத்தார், 16-14. இப்படி ஒரே ஸ்கோரில் (8 புள்ளிக்குள்) தீர்ந்த 11 ஆட்டங்களையும் சீஃப்ஸே ஜெயித்தது. ஒரு விரல் நுனி உள்ளே இருந்திருந்தால் கதை வேறு.

பருவம் முழுக்க சீஃப்ஸ் எடுத்தது 385, கொடுத்தது 326. வித்தியாசம் 59. ஈகிள்ஸ் எடுத்தது 463, கொடுத்தது 303. வித்தியாசம் 160. சரி, சீஃப்ஸ் கடைசி வாரம் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்து டென்வரிடம் 38-0 என்று தோற்றது. அதைக் கழித்துவிட்டாலும் 97தான். பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் உருவாக்கிய, எடுத்ததையும் கொடுத்ததையும் வைத்து எத்தனை வெற்றி நியாயம் என்று சொல்லும் பைத்தகோரஸ் சூத்திரத்தை ஃபுட்பாலுக்கு 2.37 என்ற அடுக்கோடு போடுவார்கள். அதைப் போட்டுப் பார்த்தால் சீஃப்ஸ் சுமார் 10 வெற்றிக்கு உரிய அணி, ஈகிள்ஸ் 12-க்கு மேல். நியூ ஆர்லியன்ஸில் நடந்ததைப் பருவம் முழுக்கக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் கணக்குதான்.

ஆனால் இதே கணக்கு மண்ணைக் கவ்விய வருடமும் உண்டு. 2011 நியூயார்க் ஜெயன்ட்ஸ் எடுத்தது 394, கொடுத்தது 400. அதாவது கழித்தலில் இருந்த அணி. பிளேஆஃபில் கிரீன் பே போய், 15 வெற்றி 1 தோல்வி என்று வந்த பேக்கர்ஸை 37-20 என்று வெளுத்து வாங்கி, சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸையும் 21-17 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. பருவத்தில் பாதியைக் காயத்தால் இழந்த ஓசி உமென்யோரா மாதிரி ஆட்கள் ஜனவரியில் திரும்பியிருந்தார்கள். செப்டம்பர் அணியும் ஜனவரி அணியும் ஒன்றில்லை. மொத்தக் கூட்டல் கழித்தலுக்கு அது தெரியாது.

எலோ

அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக உருவாக்கிய முறை. ஜெயித்தால் தோற்றவரிடமிருந்து புள்ளி வாங்கிக்கொள்வீர்கள். பலமான எதிரியை ஜெயித்தால் அதிகம், பலவீனமானவரை ஜெயித்தால் கொஞ்சம். இதை என்.எஃப்.எல்.லுக்குப் பிரபலமாக்கியது ஃபைவ்தர்ட்டிஎயிட் தளம். எலோவில் 25 புள்ளி, மைதானத்தில் 1 புள்ளிக்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. பிளேஆஃபில் ஃபேவரிட் அணிகள் வழக்கத்தைவிட நன்றாக ஆடுவதைக் கவனித்து, அங்கே மட்டும் வித்தியாசத்தை 1.2 மடங்காக்கினார்கள். எந்த அணி மீதும் பாசம் இல்லாத, திறந்த கணக்கு. எனக்குப் பிடித்ததே அந்த நேர்மைதான். அந்தத் தளம் இப்போது இல்லை என்பதில் வருத்தம் உண்டு.

எலோவின் பெரிய ஓட்டை குவார்ட்டர்பேக். 2017 டிசம்பரில் ஈகிள்ஸின் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. 13 வெற்றி, வித்தியாசம் 162, முதல் சீட் எல்லாம் அப்படியே இருந்தன. பந்து எறிய இருந்தவர் மட்டும் மாற்று ஆளான நிக் ஃபோல்ஸ். அன்றைய எலோவுக்கு ஆள் மாறியது தெரியவே தெரியாது; 2019-இல்தான் குவார்ட்டர்பேக்கைக் கணக்கில் சேர்த்தார்கள். பந்தய மார்க்கெட்டோ உடனே திரும்பியது. முதல் சீட் அணியை, சொந்த மைதானத்தில் ஆடிய இரண்டு ஆட்டம் உட்பட மூன்றிலும் அண்டர்டாக் (தோற்கும் என்று கருதப்படும் அணி) ஆக்கியது. ஈகிள்ஸ் வீரர்கள் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு கொண்டாடியது அதற்குத்தான். ஃபால்கன்ஸை 15-10, வைக்கிங்ஸை 38-7, சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸை 41-33.

அப்படியானால் எலோ ஜெயித்து மார்க்கெட் தோற்றதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஃபால்கன்ஸ் ஆட்டம், கடைசியில் கோல் கோட்டுக்கு இரண்டு யார்டில் எதிரணியின் ஹூலியோ ஜோன்ஸ் கைக்குப் போன பந்து நழுவியதால் தப்பித்த ஆட்டம். மார்க்கெட் கேட்ட கேள்வி சரி, போட்ட அளவு கொஞ்சம் கூடிவிட்டது. எலோ அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடைக்கு என்னால் மதிப்பெண் போட முடியாது.

பந்தய லைன்

லைன் 7 என்றால் ஃபேவரிட் 7 புள்ளியில் ஜெயிக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதை ஒரு மேகத்தின் நடுப்புள்ளியாகப் பார்க்க வேண்டும். புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான முடிவு லைனைச் சுற்றிச் சுமார் 14 புள்ளி திட்ட விலக்கத்தோடு சிதறுகிறது என்று காட்டினார். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 3 புள்ளி ஃபேவரிட்டின் வாய்ப்பு 100-க்கு 58 அல்லது 59. 7 புள்ளி என்றால் சுமார் 69. 10 புள்ளி என்றால் சுமார் 76.

இந்தக் கண்ணோடு பழைய 'அற்புதங்களை'ப் பாருங்கள். 2008 பிப்ரவரி, தோல்வியே காணாமல் 18-0 என்று வந்த பேட்ரியட்ஸ், ஜெயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. லைன் சுமார் 12. இந்தச் சூத்திரப்படி ஜெயன்ட்ஸுக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. ஐந்தில் ஒன்று வருடா வருடம் எங்காவது நடக்கும். போதாததற்கு, ஐந்து வாரம் முன்பு இதே இரண்டு அணிகள் ஆடியபோது பேட்ரியட்ஸ் 38-35 என்றுதான் தப்பியது.

லைன் நிஜமாகவே தவறிய ஆட்டம் என்று நான் நினைப்பது 1969 ஜனவரி 12. நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் கோல்ட்ஸ் 18 புள்ளி ஃபேவரிட். ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத் "நாங்கள் ஜெயிப்போம், உத்தரவாதம்" என்று அறிவித்து, ஜெட்ஸ் 16-7 என்று ஜெயித்தது. அன்று கோல்ட்ஸின் என்.எஃப்.எல்., ஜெட்ஸின் ஏ.எஃப்.எல். என்ற இரண்டு லீக்குகளும் தனித்தனி. பருவத்தில் ஒன்றோடொன்று ஆடுவதே இல்லை. ஒப்பிட இரண்டே இரண்டு பழைய சூப்பர் பவுல்கள், இரண்டிலும் என்.எஃப்.எல்.லின் கிரீன் பே சுலபமாக ஜெயித்திருந்தது. கையில் விவரமே இல்லாதபோது மார்க்கெட் பழைய மரியாதையைத்தான் விலையாக்கும். இப்போது 32 அணிகளும் ஒரே லீக், ஒவ்வொரு பந்துக்கும் பதிவு உண்டு. அந்த மாதிரி இருட்டு இன்று இல்லை.

மற்ற நான்கு வழிகளும் சொல்வதை லைன் ஏற்கனவே உள்ளே வாங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும் காய அறிக்கையையும் சேர்த்து. ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் லைனைத்தான் பார்ப்பேன்.

பார்த்துப் பழகிய கண்

முன்னாள் வீரர்கள் டிவியில் சொல்லும் கணிப்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. "இவர்களுக்குப் பசி அதிகம்" என்பதெல்லாம் இரண்டு அணிக்கும் பொருந்தும். ஆனால் எதற்கு எது ஒத்துவராது என்பதைக் கண்டுபிடிப்பதில் நல்ல கண்ணுக்கு ஈடு இல்லை. 2024 சீஃப்ஸில் இடது டாக்கிள் (குவார்ட்டர்பேக்கை ஓரத்திலிருந்து காக்கும் ஆள்) இடத்தில், பருவத்தின் கடைசிப் பகுதியில் நின்றவர் வழக்கமாக உள்வரிசையில் கார்டாக ஆடும் ஜோ தூனி. எதிரே ஈகிள்ஸின் முன்வரிசை, நான்கே பேரை அனுப்பி நெருக்கடி கொடுக்கக்கூடியது. அன்று மஹோம்ஸ் ஆறு முறை சாய்க்கப்பட்டார். அதற்காக ஈகிள்ஸ் கூடுதல் ஆளை அனுப்பவே இல்லை. மீதி ஏழு பேரும் பின்னால் பாஸைக் காவல் காத்தார்கள். இது எந்தச் சூத்திரத்திலும் தனி எண்ணாக வராது.

யார் சரி என்று எப்படித் தெரியும்?

பிளேஆஃபில் மொத்தம் 13 ஆட்டம். மூன்றில் இரண்டைச் சரியாகச் சொல்லும் திறமை உள்ளவருக்கும், அதிர்ஷ்டத்தால் மட்டும் ஒரு வருடம் 7, இன்னொரு வருடம் 10 என்று மாறும். ஆகவே 'இந்த வருடம் நான் 10 சரியாகச் சொன்னேன்' என்பதில் ஒன்றும் தெரியாது. வாய்ப்பைக் கேட்டு, பிரையர் ஸ்கோர் போட வேண்டும்: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம், குறைந்தால் நல்லது. 2025 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ், வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று தோற்றது. லயன்ஸ் 15 வெற்றி, வித்தியாசம் 222, முதல் சீட், சொந்த மைதானம், லைன் ஒன்பதுக்கு மேல். எல்லா வழியும் லயன்ஸ் என்றது. அதில் 75 சதவீதம் என்றவருக்கு அபராதம் 0.56. 90 என்றவருக்கு 0.81. தடுப்பாட்டக்காரர் ஐடன் ஹட்சின்சன் அக்டோபரில் கால் முறிந்து போனதிலிருந்து லயன்ஸின் தடுப்பு வரிசை ஆள் ஆளாகக் கரைந்ததைப் பார்த்தவர்கள் 90 என்று சொல்லியிருக்கக் கூடாது. இருந்தாலும் ஐந்து முறை பந்தைப் பறிகொடுப்பார்கள் என்று அவர்களாலும் சொல்லியிருக்க முடியாது.

சில ஆட்டங்களில் ஐந்து வழியும் ஒன்றும் செய்ய முடியாது. 2023 ஜனவரி 29, பிலடெல்ஃபியா. 12 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ். முதல் முறை பந்து கைக்கு வந்தபோதே ஈகிள்ஸின் ஹசான் ரெட்டிக் அடித்ததில் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியின் முழங்கை தசைநார் கிழிந்தது. மாற்று ஆளாக வந்த ஜோஷ் ஜான்சன் மூன்றாம் கால்பகுதியில் தலையில் அடிபட்டு வெளியேறினார். சில யார்டுக்கு மேல் பந்தை எறிய முடியாத கையோடு பர்டி திரும்ப உள்ளே வந்தார். ஆட்டம் 31-7, ஈகிள்ஸ் பக்கம். லைன் சுமார் மூன்று புள்ளியாக இருந்த ஆட்டம் அது. அதே ஆண்டு, மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரை அவசரத்துக்குத் தயாராக வைத்துக்கொள்ளும் விதியை லீக் திரும்பக் கொண்டுவந்தது.