பெரம்பூரில் ஒரு கதை வாசிப்பு அமர்வு: ஓ. ஹென்றிக்கு வாய்த்த நல்ல குரல்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையை ஒட்டிய வாடகை நூலகம் ஒன்று, 100 ரூபாய் கட்டணத்தில் ஞாயிறு மாலைகளில் கதை வாசிப்பு அமர்வு நடத்துகிறது. அண்மையில் எடுத்துக்கொண்ட கதை, அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி எழுதி 1907இல் வெளிவந்த ‘தி ரான்சம் ஆஃப் ரெட் சீஃப்’ (செவ்விந்தியத் தலைவனின் மீட்புத்தொகை).

சாம், பில் என்ற இரு மோசடிக்காரர்கள், அலபாமாவின் சிற்றூர் ஒன்றில் செல்வந்தர் டார்செட்டின் 10 வயது மகனைக் கடத்திக் குகையில் வைத்துப் பணம் கேட்கிறார்கள். சிறுவனுக்கோ அது கொண்டாட்டம். தன்னைச் செவ்விந்தியத் தலைவனாக வரித்துக்கொண்டு, வெந்த உருளைக்கிழங்கைச் சுடச்சுடப் பில்லின் முதுகுக்குள் போடுகிறான். அவனையே குதிரையாக்கிச் சவாரி செய்து, தீனி என்று மணலை ஊட்டுகிறான். இத்தனையையும் சாம் வரவு செலவுக் கணக்கை ஒப்பிப்பதுபோல் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவதில்தான் சிரிப்பு பிறக்கிறது. வாசித்தவர் இதை நன்கு அறிந்திருந்தார். அங்கசேட்டை எதுவும் செய்யாமல், ஆங்கில மூலத்தைப் பத்தி பத்தியாகப் படித்து, அதன் பொருளையும் அதே சமநிலைக் குரலில் தமிழில் சொன்னார்.

பையனை ஊருக்கு விரட்டிவிட்டதாகப் பில் பெருமூச்சோடு சொல்லும் இடம் வந்தது. பையன் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறான். அதைப் பார்த்துவிட்ட சாம், உன் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று அக்கறையோடு விசாரிக்கிறான். வாசித்தவர் இங்கே சற்றே நிறுத்தினார். அதற்குள் அறை முழுவதும் சிரிக்கத் தொடங்கிவிட்டது. “அண்ணே, பில்லுக்குத் தெரியாதது நமக்குத் தெரிஞ்சதால தானே சிரிக்கிறோம்?” என்று கேட்ட வியாசர்பாடி மாணவர், நகைமுரண் பற்றிய விளக்கம் அனைத்தையும் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

ஆனால் நேரமில்லை என்று, சாம் மலையுச்சியில் ஏறி ஊரைப் பார்க்கும் பகுதியை விட்டுவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். ஊரே ஆயுதமேந்திப் பையனைத் தேடும் என்று எதிர்பார்க்கும் அவன் கண்ணில், கோவேறு கழுதையைப் பூட்டி உழுதுகொண்டிருக்கும் ஒருவர் மட்டுமே படுகிறார். பையனைக் காணாமல் யாரும் பதறவில்லை என்பதை அங்கேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார். 1,500 டாலர் கேட்டவர்களுக்கு, நீங்கள் எனக்கு 250 டாலர் கொடுத்தால் மகனைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறேன் என்று டார்செட் பணிவோடு எழுதும் பதில், அந்த அமைதியிலிருந்து விளைந்தது. அப்பகுதியைக் கேட்காதவர்களுக்கு அக்கடிதம் திடீர்த் திருப்பமாக மட்டுமே நின்றுவிடும். போதாததற்கு, வாயிலில் கொடுத்த ஜெராக்ஸ் தாளின் முன்னுரை முடிவையும் சொல்லிவிட்டது.

அறை சிறியது, ஜன்னல் பக்கம் அமர்ந்தால் பேருந்து இரைச்சலில் சில வரிகள் கேட்காமல் போகும், ஆகவே முன்வரிசையில் இடம்பிடிப்பது நல்லது. கட்டணத்துக்கு நிச்சயம் தகுதியான அமர்வு. கதையைச் சுருக்காமல் வாசிக்க இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கவும், முன்னுரைத் தாளை வாசிப்பு முடிந்தபின் கொடுக்கவும் நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.