முகமா, கடைப் பெயரா?

சிறு தொழில் தொடங்குபவர்கள் பலர் தடுமாறும் இடம் இது: விளம்பரத்தில் நானே நிற்பதா, பிராண்ட் பெயரை நிறுத்துவதா?

செலவு
முகம்: ஒரு மொபைல், கொஞ்சம் வெளிச்சம், கூச்சத்தை விடும் மனசு.
பெயர்: லோகோ, பேக்கிங், அப்புறம் டிரேட்மார்க், அதாவது பெயரை உங்களுடையதாகப் பதிவு செய்வது. தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும்.

நம்பிக்கை
முகம்: சீக்கிரம் ஒட்டும். வசந்த் அன் கோ என்றாலே வசந்தகுமாரின் சிரிப்புதான் நினைவுக்கு வரும்.
பெயர்: மெதுவாகத்தான் பிடிக்கும்.

ஆயுள்
வசந்தகுமார் 2020-இல் காலமானார். குடும்பம் கையில் எடுத்ததால் கடைகள் ஓடுகின்றன. எல்லோருக்கும் அப்படி வாரிசு அமையாது. மறுபக்கம் 'சிக்' ஷாம்பு. அது, அந்த ஷாம்பைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதன் தன் அப்பா சின்னி கிருஷ்ணனை நினைத்து வைத்த பெயர். பாக்கெட்டைக் கிழித்துத் தலைக்குத் தேய்த்தவர்களில் எத்தனை பேருக்கு ரங்கநாதன் முகம் தெரியும்? நாளைக்குத் தொழிலை விற்பதென்றாலும் பெயரை விற்கலாம், முகத்தை விற்க முடியுமா?

சிரமம்
முகம்: காய்ச்சலிலும் ரீல்ஸ் போட வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது, "போன மாசம் உங்ககிட்ட வாங்கினது..." என்று பக்கத்து இலைக்காரர் ஆரம்பிப்பார்.
பெயர்: அந்தத் தொல்லை இல்லை.

சரி, யாருக்கு எது? டியூஷன், மேக்கப், ஆலோசனை என்று ஆளை நம்பி வரும் வேலைக்கு முகம். மசாலா, சோப்பு, ஊறுகாய்க்குப் பெயர். கையில் காசு குறைவென்றால் முகத்தோடு தொடங்குங்கள். ஆனால் பாக்கெட்டில் முதல் நாளே பெயரை அச்சடித்துவிடுங்கள்.