பிளக்கின் நிறமா, திராட்டலின் பதிலா, மீட்டரின் எண்ணா?

புகைக்குழாயையோ காற்று வடிகட்டியையோ மாற்றிய மோட்டார் சைக்கிளில், கார்புரேட்டர் கலந்து தரும் காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்த மூன்று வழிகள் உள்ளன: ஓட்டி நிறுத்தித் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது, ஓடும்போதே வேகக் கைப்பிடியான திராட்டலைக் கூட்டிக் குறைத்து எஞ்சினின் பதிலைக் கவனிப்பது, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்தி, காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரைப் படிப்பது. பினாங்குத் தீவில் ஒரு யமஹா ஆர்எக்ஸ்-இசட்டையும் ஒரு ஹோண்டா இஎக்ஸ்5-ஐயும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் நான் இரண்டாவது வழியையே முதலில் வைக்கிறேன்.

பிளக்கைப் படிப்பது பட்டறைகளில் வேரூன்றிய பழக்கம். ஆனால் தே தாரிக் (பால் தேநீர்) நிறம் வந்தால் சரி என்று முடிவு செய்வது போதாது. ஜார்ஜ்டவுன் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து வந்த மோட்டாரின் பிளக், ஐட்லிங் (திராட்டலைத் திறக்காத ஓட்டம்) கலவையைத்தான் காட்டும். முழுத் திராட்டலில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மெயின் ஜெட்டை அறியப் புதிய பிளக்கைப் போட்டு, முழுத் திராட்டலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் எஞ்சினை அணைத்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் அடிப்பகுதியில் படிந்த வளையத்தைப் பார்க்க வேண்டும். ஈயமற்ற பெட்ரோல் விடும் கறை மிக மெல்லியது என்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அதைப் படிப்பது கடினம். அணைந்த எஞ்சினோடு உருண்டு வந்து நிற்க ஓரமும் வேண்டும். பினாங்குப் பாலத்தில் இதைச் செய்யவே கூடாது.

திராட்டல் சோதனை கார்புரேட்டரின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பேச வைக்கிறது. கைப்பிடியில் சிறிய ஒட்டு நாடாவை ஒட்டிக் கால், அரை, முக்கால் திறப்புகளைக் குறித்துக்கொண்டால், கால் திறப்பு வரை சிறு துளையான பைலட் ஜெட்டும் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடின் வெட்டும், காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட் என்று கோளாறு இருக்கும் இடம் ஓரளவு துல்லியமாகத் தெரியும். தித்தி கெராவாங் வழியாகப் பாலிக் பூலாவுக்கும் தெலுக் பஹாங்குக்கும் இடையே ஏறும் சாலையைத்தான், அதிகாலையில் வண்டிகள் இல்லாதபோது, நான் இதற்குத் தேர்ந்தெடுக்கிறேன். ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் போகும்போது வேகம் அளவுக்குள் இருக்க, எஞ்சின் முழுச் சுமையையும் தாங்குகிறது. முழுத் திறப்பிலிருந்து எட்டில் ஒரு பங்கு குறைக்கும்போது எஞ்சின் சற்றே வேகம் பிடித்தால் மெயின் ஜெட் சிறியது, தடுமாறினால் பெரியது, மெல்ல வேகம் குறைந்தால் சரியானது. ஊசியில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவையில் பெட்ரோல் கூடும் என்பதையும், கார்புரேட்டரில் காற்று வடிகட்டியின் பக்கமுள்ள திருகைத் தளர்த்தினால் காற்றுக் கூடும், எஞ்சின் பக்கமுள்ள திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் கூடும் என்பதையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மெயின் ஜெட்டில் தொடங்கி, ஊசிக்கு வந்து, பைலட்டில் முடித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்துச் சோதித்துவிட்டு அதைப் பூட்டினால் அத்தனை உழைப்பும் வீண்.

மீட்டர் நான்கு ஸ்ட்ரோக் இஎக்ஸ்5-க்கு அருமையான கருவி. பெட்ரோல் முழுதும் எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. முழு ஆற்றலுக்கு அந்த எண் 12.5-க்கும் 13-க்கும் இடையே இருப்பதை விரும்புவார்கள். இரண்டு ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ்-இசட்டில் எரியாத கலவையின் ஒரு பகுதி நேரே புகைக்குழாய்க்குத் தப்பிவிடுகிறது. அதோடு வரும் ஆக்சிஜனைக் கண்டு மீட்டர் உண்மையைவிட மெலிந்த, அதாவது காற்று மிகுந்த, எண்ணைக் காட்டும், எண்ணெய்ப் புகையும் சென்சாரை விரைவில் கெடுக்கும். அதற்காகச் சென்சாரைத் திருகிப் பொருத்தும் வளையத்தைப் புகைக்குழாயில் பற்றவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்று மிகுந்த கலவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் வெப்பத்தை உயர்த்திப் பிஸ்டனைச் சிலிண்டரோடு பிடிக்கச் செய்துவிடும். எனவே ஆர்எக்ஸ்-இசட்டில் எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கி, படிப்படியாகச் சிறியதாக மாற்றி, எஞ்சின் தடுமாறுவது நின்றதும் அந்த அளவிலேயே விட்டுவிட்டு, அதன் பிறகுதான் புதிய பிளக்கைப் போட்டு வளையத்தைப் பார்க்கிறேன்.