உலு லங்காட் லாயம்: முரட்டுக் குதிரைக்கு நல்ல இடம், பில்லை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்

நேராகச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று பில்லுக்காக.

எங்கள் குதிரை சிங்கப்பூரில் ஓடியது. அங்கே 2024 அக்டோபரோடு பந்தயமே நின்றுவிட்டதால் கைமாறி மலேசியா பக்கம் வந்தது, அக்கா மகள் ஆசைப்பட்டாள், வாங்கிக் கொடுத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அங்கவடியில் கால் வைத்ததுமே நடக்க ஆரம்பித்துவிடும், கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமாகப் போகும். முன்பு விட்டிருந்த லாயத்தில் (பெயர் வேண்டாம்) திமிர் பிடித்தது என்று முடிவு கட்டி, வாயில் இன்னும் கடுமையான இரும்பைப் போட்டு, களைக்கும்வரை வட்டமடிக்க விட்டார்கள். ஓடுவதற்கென்றே வளர்த்த குதிரையை ஓடவிட்டு அடக்க முடியுமா? மூச்சு வாங்காமல் ஓடும் தெம்பு கூடியதுதான் மிச்சம்.

இங்கே பயிற்சி கொடுக்கும் அண்ணன் வந்தவுடனே ஏறி வித்தை காட்டவில்லை. "திமிரு இல்லம்மா, அதுக்குக் கத்துக்கொடுத்ததே அதுதான்" என்றார். பந்தயத் திடலில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார்கள், அதனால் ஆள் ஏறினால் நடக்க வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியும். ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்க, குதிரை அதில் சாய்ந்துகொண்டு ஓடிப் பழகியிருக்கிறது. நாம் நிறுத்துவதற்காக இழுப்பது அதற்கு வேறு மாதிரிப் புரிகிறது, அவ்வளவுதான்.

பல், முதுகு, வயிறு மூன்றையும் கால்நடை மருத்துவர் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். காசு பிடுங்கும் வேலை என்று மச்சான் முணுமுணுத்தார். பார்த்தால் வயிற்றுப்புண். குதிரைக்குத் தின்றாலும் தின்னாவிட்டாலும் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்குமாம். ரேஸ் குதிரைக்குத் தானியம் அதிகம், புல் குறைவு, அதனால் இது அவற்றுக்கு ரொம்பச் சகஜம். மருந்து கொடுத்து, நாள் முழுக்க மெல்லுவதற்குக் காய்ந்த புல் போட்டதும், சேணப் பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது தானாகவே குறைந்தது.

அதற்கப்புறம்தான் பயிற்சி, அதுவும் தரையில் நின்றபடியே. கயிற்றை லேசாக இழுத்துப் பிடிப்பார், குதிரை ஓர் அடி பின்னால் வைத்த அதே நொடியில் விட்டுவிடுவார். இழுப்பது அல்ல, விடுவதுதான் அதற்குப் பாடம். தாமதமாக விட்டால் குதிரை வேறு எதையோ கற்றுக்கொள்ளும். இடப்பக்கம் பழக்கியதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்க வேண்டும். ஏறுவதற்கான மரப்படி பக்கத்தில் சும்மா நிற்க வைப்பது, முதுகில் கை ஊன்றுவது, பாதி ஏறி இறங்குவது என்று வாரக்கணக்கில் போனது. வேடிக்கை பார்க்க இதைவிட அலுப்பான விஷயம் கிடையாது. ஆனால் எனக்குப் பிடித்தது, கயிற்றை அக்கா மகள் கையில் கொடுத்து, "நான் பண்ணா எனக்குத்தான் கேக்கும், நீ பண்ணு" என்று அவளையும் சேர்த்துப் பழக்கியதுதான். இப்போது அவள் ஏறி, கடிவாளத்தைத் தளரவிட்டு, சொல்லும்வரை குதிரை நிற்கிறது. வேகமான ஓட்டம் இன்னும் சரியாக வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால் அண்ணன் தேதி சொல்ல மாட்டார்.

இன்னொன்று, வெயிலேறிவிட்டால் வேலையே வாங்குவதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோய் உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும், அதனால் வயதான சைஸ் (குதிரை பராமரிப்பவர்) ஒருவர் ஒவ்வொன்றின் கழுத்தையும் விலாவையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். இந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இப்போது கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில் பந்தயம் ஓடிய காலத்துக் கதையெல்லாம் வரும்.

சரி, பில். மாதக் கட்டணத்தில் லாடம், மருத்துவர், புல் எதுவும் சேராது, எல்லாம் தனித்தனி. பயிற்சித் திடலுக்குக் கூரை இல்லை, மாலையில் மழை கொட்டினால் அன்றைய வகுப்பு போச்சு, காசும் திரும்பாது. வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நமக்கே மறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சவாரி படிக்க வரும் பிள்ளைகள் கூட்டம். வார நாளில் காலையிலேயே போனால் அண்ணன் நின்று பேசுவார். செருப்போடு மட்டும் போய்விடாதீர்கள், கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.