முழு உடல் எம்.ஆர்.ஐ. என்று காசு வாங்கி, நாரியை மட்டும் படமெடுத்தார்கள்

கொழும்பில் எலும்பு மச்சைப் புற்றுநோய் தொடர்பாக முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கப்போகிறவர்களும், ஏற்கெனவே எடுத்து ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையை அலுமாரியில் வைத்திருப்பவர்களும் இதை வாசிக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கு ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் நடந்ததையே எழுதுகிறேன். முறைப்பாட்டுக்கு இன்னும் முடிவு வராத நிலையில் அந்த நிலையத்தின் பெயரை எழுதுவது முறையல்ல என்பதால் தவிர்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வயது 68. புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர், கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். நாரி நோ என்று ஏழெட்டு மாதம் எண்ணெய் பூசியும் ஒத்தணம் கொடுத்தும் பார்த்த பிறகு செய்த குருதிப் பரிசோதனையில் புரதம் கூடியிருப்பது தெரிந்து, குருதியியல் நிபுணர் ஒருவரைச் சனல் செய்து காட்டினோம். மச்சையை ஊசியால் எடுத்துச் சோதித்ததில் இந்தப் புற்றுநோயில் பெருகும் பிளாஸ்மா கலங்கள் நூற்றுக்கு 28 பங்கு இருந்தன. மல்டிபிள் மைலோமா என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஹீமோகுளோபின் 11.4, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.7, கல்சியம் சரியான அளவில். எக்ஸ்ரே படங்களில் எலும்பு அரித்த அடையாளம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் எம்.ஆர்.ஐ. முக்கியம் என்று நிபுணர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ 30 சதவீதமோ அதற்கு மேலோ கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும், எம்.ஆர்.ஐ.யோ எலும்பு கரைவதற்கு முன்பே, உள்ளே இருக்கும் மச்சை மாறியிருப்பதைக் காட்டிவிடும். வயதானவரின் மச்சையில் கொழுப்பு அதிகம் என்பதால் டி1 என்ற வகைப் படத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். புற்றுக்கலங்கள் குடியேறிய இடம் முள்ளந்தண்டின் இடைத்தட்டைவிடவும் கறுத்துக் கிடக்கும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் ஸ்டிர் படத்தில் அதே இடம் பளிச்சிடும். கலங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் நீரின் அசைவு குறைவதைக் காட்டும் டிபியூஷன் படம் மூன்றாவது. சர்வதேச மைலோமா பணிக்குழு 2014இல் திருத்திய அளவுகோலின்படி, 5 மில்லிமீற்றருக்குக் குறையாத புள்ளிகள் ஒன்றுக்கு மேல் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தால், நோய் வெறுமனே புகைந்துகொண்டிருக்கிறது என்று காத்திருக்க முடியாது, சிகிச்சை தொடங்க வேண்டும். வளர்ந்தவர்களின் செம்மச்சை தலையோடு, விலா, முள்ளந்தண்டு, இடுப்பு, மேற்கை எலும்பும் தொடையெலும்பும் தொடங்கும் இடங்கள் என்று பரவிக்கிடப்பதால் முழு உடலையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சீட்டிலும் ‘முழு உடல், டி1, ஸ்டிர், டிபியூஷன்’ என்று தெளிவாக எழுதிக்கொடுத்தார்.

அந்தச் சீட்டைத் தொலைபேசியில் ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நாள் குறித்தேன். அம்மாவின் இரண்டு காப்புகளைச் செட்டியார் தெருவில் அடகு வைத்து முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினோம். பற்றுச்சீட்டிலும் ‘முழு உடல் எம்.ஆர்.ஐ., மருந்துடன்’ என்றே அச்சாகியிருந்தது.

அன்று இரவு 7.10க்கு அப்பாவை உள்ளே அழைத்தார்கள். எதிர்க் கடையில் ஒரு பிளேன்டீ வாங்கி, சூடு தாங்காமல் கையில் வைத்துக்கொண்டே அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கோப்பையில் பாதி மிச்சமிருக்கும்போதே அப்பா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மணி 7.32. “கெதியாய் முடிஞ்சுது” என்று அவர் சந்தோஷப்பட்டார். நானும் மெஷின் புதிது போலிருக்கிறது என்று நினைத்து, அதற்காக மனதுக்குள் மெச்சியும் கொண்டேன். அந்த மடத்தனத்தை இங்கே மறைத்துப் பயனில்லை.

இடையில் கையில் ஊசி மருந்து ஏற்றியிருந்தார்கள். கிரியேட்டினின் அளவை யாரும் கேட்கவில்லை. நாங்கள் கொண்டுபோன குருதி அறிக்கைகள் என் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. கடோலினியம் என்னும் அந்த மருந்தில் சில வகைகள், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குத் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச்செய்யும் கடுமையான நோயைக் கொண்டுவரக்கூடியவை. அப்பாவின் சிறுநீரகம் அந்த ஆபத்து எல்லைக்கு வந்திருக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மைலோமா சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் என்பதால், வேறு எவரிடம் கேட்காவிட்டாலும் இந்த நோயாளியிடம் கேட்டிருக்க வேண்டும். மைலோமாவுக்கான முழு உடல் ஸ்கேனுக்கு அந்த மருந்து பொதுவாகத் தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. அதற்கும் தனியாகக் காசு எடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் கிடைத்த அறிக்கையில், நாரியில் தேய்மானம் உண்டு, தலையோடு, விலா எலும்புகள், தோள், இடுப்பு, தொடையெலும்புகள் யாவும் இயல்பாக உள்ளன என்று ஆங்கிலத்தில் ஒழுங்காக அச்சிட்டிருந்தது. வீட்டில் அன்று பாயாசம் காய்ச்சினோம். நிபுணரின் அடுத்த கிளினிக் ஆறு வாரம் கழித்து என்பதால், அவசரப்படவும் காரணம் தெரியவில்லை.

நிபுணர் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சீடியைக் கேட்டார். தனது கணினியில் போட்டதும் இடதுபக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் விரிந்தது. எடுத்த ஒவ்வொரு படவரிசைக்கும் ஒரு வரி வீதம் மொத்தம் ஐந்தே வரிகள். ஐந்திலும் நாரி முள்ளந்தண்டின் பெயர்தான். படத்தின் மேல் விளிம்பு பதினோராம் நெஞ்சு முள்ளெலும்போடு நின்றுவிட்டது. ஸ்டிர் இல்லை, டிபியூஷன் இல்லை. தலை, தோள், விலா, தொடை எதுவுமே படத்தில் இல்லை. ஆனால் அறிக்கையில் அவையெல்லாம் ‘இயல்பாக’ இருந்தன. குறைந்த வேலைக்குக் கூடிய காசு வாங்கியதைக்கூட ஒரு கணக்கில் பொறுத்துக்கொள்ளலாம். பார்க்காத எலும்பைப் பார்த்ததாக ஒருவர் கையெழுத்திட்டதை என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை.

நிபுணர் சொன்ன வேறோர் இடத்தில் மறுபடி எடுத்தோம். உள்ளே போனவர் வெளியே வர ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. தலையில் ஒரு கூடு, நெஞ்சிலிருந்து முழங்கால்வரை போர்வை மாதிரிப் பட்டிகள் என்று வரிசையாக வைத்துக் கட்டி, மேசையைப் படிப்படியாக நகர்த்தி எடுத்தார்கள் என்று அப்பா சொன்னார். “அங்க என்ர மேல ஒண்டுமே வைக்கேல்லையே” என்று அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. படத்துக்கான சைகையை உடலிலிருந்து வாங்கும் கருவிதான் ஏற்பி, முள்ளந்தண்டுக்கானது படுக்கும் மேசைக்குள்ளேயே இருக்கும். மற்ற இடங்களுக்கு மேலே வைத்தே ஆக வேண்டும். புதிய அறிக்கையில் இடது இடுப்பெலும்பில் 14 மில்லிமீற்றரில் ஒன்றும், வலது மேற்கை எலும்பின் தலையில் 9 மில்லிமீற்றரில் ஒன்றுமாக இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டும் முதல் நிலையம் எட்டிப்பார்க்காத இடங்கள். அடுத்த வாரமே மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கியது.

முதல் நிலையத்துக்கு இரண்டு சீடிகளையும் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை, அறிக்கையில் கையெழுத்திட்டது டொக்டர், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார். அரைமணி காத்திருந்த பிறகு வந்த முகாமையாளர், முழு உடல் என்றால் தாங்கள் முழு முள்ளந்தண்டு என்றே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படியென்றால் கழுத்து எங்கே என்று கேட்டதற்கு, அடுத்த ஸ்கேனுக்கு 20 சதவீதம் கழிவு தருவதாகப் பதில் வந்தது. அப்பாவை மறுபடியும் அங்கே கூட்டிக்கொண்டு போவோம் என்று அவர் நினைத்தது ஆச்சரியந்தான்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு, நிபுணரின் சீட்டு, பற்றுச்சீட்டு, இரு அறிக்கைகள், சீடியின் பிரதி ஆகியவற்றோடு பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். மூலச் சீடி என்னிடமே இருக்கிறது. இப்படிப்பட்ட ஸ்கேன் எடுத்தவர்கள் தங்கள் சீடியைக் கணினியில் போட்டு, அந்தப் படவரிசைப் பட்டியலில் எந்த எந்த உடற்பகுதிகளின் பெயர் இருக்கிறது என்று அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் அடுத்த கிளினிக்கில் அறிக்கையோடு சீடியையும் வைத்தியரிடம் நீட்டுங்கள். இனி எடுக்கப்போகிறவர்கள், எந்த எலும்புகளை எந்த வகைப் படங்களில் எடுப்பார்கள் என்பதைக் காசு கட்டும் முன்பே பற்றுச்சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். இரண்டாவது நிலையத்தில் நான் கேட்டேன், மறுபேச்சில்லாமல் எழுதித்தந்தார்கள்.