ஒபாமாவும் ஹிலாரியும்: 2008-ல் யார் எதில் மேல்?

2008-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக பராக் ஒபாமா எப்படி வந்தார் என்று கேட்டால், பேச்சாற்றல், இளைஞர் எழுச்சி என்றுதான் பலரும் சொல்வார்கள். இரண்டும் இருந்தன. ஆனால் ஹிலாரி கிளிண்டனை அவர் வீழ்த்தியது பிரதிநிதிக் கணக்கில், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் பிரதிநிதிகளின் எண்ணிக்கையில். கட்சி விதிகளை வரிவரியாகப் படித்து ஆள் போட்டது ஒபாமா அணி. பெரிய மாநிலங்களை வென்றால் மற்றவை தானாக வந்து சேரும் என்று நம்பியது ஹிலாரி அணி. அதே சமயம், மருத்துவக் காப்பீட்டில் ஹிலாரியின் திட்டம்தான் மேல்.

முதலில் கணக்கு. ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தை வென்றவர் அங்குள்ள எல்லாப் பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. குறைந்தது 15 சதவீதம் வாங்கிய எல்லோருக்கும் விகிதாசாரப்படி பங்கு உண்டு. அந்தப் பங்கீட்டின் பெரும்பகுதி தேர்தல் மாவட்ட (தொகுதி) வாரியாக நடக்கும். சூட்சுமம் இங்கேதான். 4 பிரதிநிதிகள் உள்ள மாவட்டத்தில் ஒருவர் 60, மற்றவர் 40 சதவீதம் வாங்கினால் 2.4, 1.6 என்று வரும். முழு எண்ணாக்கினால் ஆளுக்கு 2. இருபது சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தும் லாபம் பூஜ்யம். 3–1 வேண்டுமென்றால் 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 3 பிரதிநிதிகள் உள்ள மாவட்டத்திலோ 51 சதவீதம் போதும், 2–1 கிடைத்துவிடும். ஆகவே இருமுனைப் போட்டியில் பணமும் ஆளும் ஒற்றைப்படை மாவட்டங்களுக்குப் போக வேண்டும். நெவாடாவில் ஹிலாரி சுமார் 51–45 என்று முன்னிலை பெற்ற அன்று, வடக்கே கிராமப்புறத்தில் ஒபாமா வாங்கிய ஆதரவால் பிரதிநிதிக் கணக்கு 13–12 என்று ஒபாமா பக்கம் சாய்ந்தது.

பிப்ரவரி 5, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய். நியூ ஜெர்சியில் ஹிலாரி ஏறத்தாழ 1,12,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரதிநிதிகள் 59–48, அதாவது 11 கூடுதல். அதே நாள் ஐடஹோவில் காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் நேரில் கூடி ஆதரவைப் பதிவு செய்யும் கூட்டம். மொத்தமே 21,000 பேர்தான் வந்தார்கள். அவர்களில் 80 சதவீதம் ஒபாமாவுக்கு. பிரதிநிதிகள் 15–3, அதாவது 12 கூடுதல். பதின்மூன்றாயிரம் ஓட்டு வித்தியாசம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தை விழுங்கி ஏப்பம் விட்டது. நவம்பர் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்குத்தானே போகப்போகிறது என்று ஹிலாரி அணி ஐடஹோவைக் கைகழுவியிருந்தது. ஏப்ரல் 22-ல் பென்சில்வேனியாவில் வாரக்கணக்கில் உழைத்து, சுமார் 55–45 என்று ஜெயித்து அவருக்குக் கிடைத்த லாபம் 85–73. அதே 12.

காக்கஸ் என்பது வாக்குச்சாவடிக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பும் வேலையில்லை. குறித்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ கூட வேண்டும். அன்று அயோவாவில் ஆதரவாளர்கள் அறைக்குள் அணி அணியாகப் பிரிந்து நின்றார்கள். 15 சதவீதம் தேறாத அணி கலைந்து வேறு அணிக்குப் போக முடிந்தது. இரவு ஷிஃப்ட் தொழிலாளியும் கைக்குழந்தைக்காரியும் வர முடியாத ஏற்பாடு அது. ஹிலாரி தரப்பு இதை அநியாயம் என்றது, அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்டம் முடிந்த பிறகு விதியைக் குறை சொல்லிப் பயனில்லை. டெக்சாஸ் இதற்கு நல்ல உதாரணம். மார்ச் 4 அன்று பகலில் ஓட்டுப்பதிவு, இரவில் காக்கஸ். பகலில் ஹிலாரி 65–61, இரவில் ஒபாமா 38–29. கூட்டினால் ஒபாமா 99, ஹிலாரி 94. தொலைக்காட்சிகள் டெக்சாஸை ஹிலாரியின் வெற்றி என்றே அறிவித்தன.

குடியரசுக் கட்சியின் விதியைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மிசௌரியில் அதே பிப்ரவரி 5-ல் ஜான் மெக்கெய்ன் 33 சதவீதம் மட்டும் வாங்கி, மாநிலத்தின் 58 பிரதிநிதிகளையும் தட்டிச் சென்றார். அங்கேயே ஜனநாயகக் கட்சியில் ஒபாமா ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார், பங்கீடு 36–36. ‘வென்றவருக்கே எல்லாம்’ என்ற விதி இருந்திருந்தால் கலிபோர்னியா, நியூயார்க், ஓஹையோ, பென்சில்வேனியா எல்லாம் சேர்ந்து ஹிலாரியைக் கரையேற்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பணத்திலும் இதே கதை. அன்றைய சட்டப்படி ஒரு தனிநபர் வேட்பாளர் தேர்வுக் கட்டத்துக்கு 2,300 டாலர் வரைதான் தரலாம். ஹிலாரிக்குப் பெரிய நன்கொடையாளர்கள் பலர் தொடக்கத்திலேயே உச்ச வரம்பைக் கொடுத்து முடித்துவிட்டார்கள், அவர்களிடம் மறுபடி கேட்க வழியில்லை. ஒபாமாவுக்கு இணையத்தில் இருபத்தைந்து, ஐம்பது டாலர் தந்தவர்கள் மாதாமாதம் தர முடிந்தது. ஜனவரியில் அவர் 3.2 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். ஹிலாரி தன் கைக்காசு 50 லட்சம் டாலரைப் பிரச்சாரத்துக்குக் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. பிப்ரவரி 9 முதல் மார்ச் 4-க்கு முன்பு வரை ஒரு மாநிலத்தைக்கூட ஹிலாரி வெல்லவில்லை. அந்த இடைவெளியில் விர்ஜீனியா மட்டுமே 54–29 என்று ஒபாமாவுக்கு 25 கூடுதல் கொடுத்தது.

ஈராக் விஷயத்தில் ஒபாமாவுக்கு நியாயமான சாதகம் இருந்தது. 2002 அக்டோபரில் ஹிலாரி போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதே மாதம் சிகாகோவில் போரை எதிர்த்துப் பேசினார் ஒபாமா. அதே வாக்கை அளித்த இன்னொரு போட்டியாளர் ஜான் எட்வர்ட்ஸ் 2005-லேயே தவறு என்று ஒப்புக்கொண்டார். ஹிலாரி அந்தப் பிரச்சாரம் முழுக்க அந்தச் சொல்லைத் தவிர்த்தார், அதற்கு விலையும் கொடுத்தார். என்றாலும் ஒபாமா செனட்டுக்கு வந்த பிறகு ஈராக் பற்றி இருவரும் அளித்த வாக்குகளில் பெரிய வேறுபாடு இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் நிலைமை நேர்மாறு. நோயாளிகளை மறுக்கக்கூடாது என்று இருவரும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நிபந்தனை வைத்தார்கள். எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஹிலாரி. குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும், விலை குறைந்தால் பெரியவர்கள் தாமாக வாங்குவார்கள் என்றார் ஒபாமா. இதில் ஓட்டை எங்கே என்றால், எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்றால் திடகாத்திரமானவர் நோய் வரும்வரை காத்திருப்பார். திட்டத்தில் நோயாளிகள் மட்டுமே மிஞ்ச, பிரீமியம் ஏறும், ஏறியதும் இன்னும் சிலர் விலகுவார்கள். கட்டாயத்தைத் தாக்கி ஒபாமா அணி வீடுவீடாகத் துண்டறிக்கை அனுப்பியது. 2010-ல் அதிபராக அவர் கையெழுத்திட்ட சட்டத்தில் அதே கட்டாயம் இருந்தது. காப்பீடு எடுக்காதவருக்கான அபராதம் 2019 முதல் பூஜ்யமாக்கப்பட்ட பிறகும் காப்பீட்டுச் சந்தை கவிழ்ந்துவிடவில்லை, அரசு மானியம் தாங்கிப் பிடித்தது. ஆனால் சந்தையே இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்கும்போது ஹிலாரியின் வாதம்தான் பொறுப்பான வாதம்.

மொத்த ஓட்டில் ஹிலாரிதான் முதல் என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. அதற்கு மிச்சிகனைச் சேர்க்க வேண்டும். வாக்குப்பதிவுத் தேதியை முன்தள்ளியதற்காகக் கட்சி அந்த மாநிலத்தைத் தண்டித்திருந்தது, ஒபாமாவின் பெயரே அங்கே வாக்குச்சீட்டில் இல்லை.

2016-க்குத் தயாரானபோது ஹிலாரி செய்த காரியங்களில் ஒன்று, 2008-ல் ஒபாமாவுக்குப் பிரதிநிதிக் கணக்கு பார்த்த ஜெஃப் பெர்மனைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது.