அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி, ஏற்றுமதியில் நம் திறமையை எந்தக் கணக்கில் அளப்பது?

மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். அந்தக் கொட்டையில் நிறைய ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது.

பொருளியலாளர் பெலா பலாசா 1965-இல் தந்த குறியீடு எளிது: நம் ஏற்றுமதியில் ஒரு பொருளுக்குள்ள பங்கை, உலக ஏற்றுமதியில் அதற்குள்ள பங்கால் வகுக்க வேண்டும். 1-க்கு மேல் வந்தால் ஒப்பீட்டு அனுகூலம் நமக்கு, அதாவது மற்ற பொருள்களைவிட அதில் நாம் தேர்ந்தவர்கள். ஆனால் வாங்கிய கொட்டையின் விலையும் நம் திறமையாகவே எண்ணப்பட்டுவிடும்.

மதிப்புக்கூட்டல் கணக்கு அந்த விலையைக் கழித்துவிட்டு, இங்கே சேர்ந்த கூலியையும் லாபத்தையும் எடுத்துக்கொள்கிறது. 2013-இல் ஓஇசிடியும் (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) உலக வர்த்தக அமைப்பும் இதற்கெனத் தரவுத்தளம் வெளியிட்டன. அதில் முந்திரி தனியாக இல்லை, உணவுத் துறைக்குள் கலந்து கிடக்கிறது.

சரி, அவசரத்துக்குப் பலாசா போதும். அந்த விரல்களின் உழைப்பைப் பேச வேண்டுமானால் எனக்கு இரண்டாவதுதான்.